சுக்கினி பொட்டலத்தில் போட்டிருக்கும் மாதம் நம் ஊருக்கு இல்லை

கேள்வி: பொட்டலத்தில் 'மார்ச், ஏப்ரலில் விதைக்கவும்' என்று இருந்ததைப் பார்த்துப் பங்குனியில் எட்டு சுக்கினி (வெள்ளரி போல நீளமாக இருக்கும் பூசணி வகைக் காய்) விதை ஊன்றினேன். செடி தளதளவென்று வந்தது, பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சு விரல் அளவு வந்ததும் நுனி மஞ்சளாகி அழுகி விழுந்துவிடுகிறது. உரம் போதவில்லையா? (வாசகி, காட்பாடி)

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பொட்டலம் உறைபனி விழுகிற ஊர்களுக்காக அச்சடித்தது. அங்கே பனிக்காலம் முடிந்து மண் கொஞ்சம் சூடேறுவது அந்த மாதங்களில்தான், அதனால் அப்படிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பங்குனியில் ஊன்றிய செடி பூக்க ஆரம்பிக்கும்போது நம் ஊரில் கத்திரி வெயில் வாசலில் நிற்கும். 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலில் மனுஷனே தலைகாட்ட முடியாது, சுக்கினி மகரந்தம் என்ன செய்யும்? 32, 33 டிகிரிக்கு மேல் போனாலே மகரந்தம் வலுவிழக்கும், ஆண்பூவே அதிகமாக வரும், பெண்பூ வந்தாலும் கருவுறாமல் நீங்கள் சொன்ன மாதிரியே நுனியிலிருந்து மஞ்சளாகி விழும்.

சரி, எப்போது விதைப்பது? என் கணக்கு சுலபம்: திருவண்ணாமலை தீபம் முடிந்த கையோடு. அதாவது நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதிக்குள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு ஒரு வருஷம் ஐப்பசியில் ஊன்றினேன். அடைமழை பிடித்ததும் தண்டு தரையை ஒட்டின இடத்தில் கொழகொழவென்று அழுகி ஆறு செடியும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. மழை ஓய்ந்து, பகலில் 28, 30 டிகிரி, ராத்திரி 20 பக்கம் என்று இருக்கும் மார்கழி, தை தான் இதற்கு ஏற்ற காலம். விதை 5 முதல் 10 நாளில் முளைக்கும், 45 முதல் 55 நாளில் முதல் காய். தீபத்துக்கு ஊன்றினால் பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் பறிக்கலாம், அப்புறம் மாசி வரைக்கும் வரும். மாசி கடைசியில் செடி தளர்ந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வெண்டை போடுங்கள்.

இன்னொன்று, இது கொடி இல்லை, புதர். பீர்க்கனுக்குப் போடுகிற பந்தல் தேவையில்லை. ஆனால் ஒரு செடியே மூணு அடி விரியும், அதனால் இடைவெளியும் மூணு அடி விடுங்கள். குழியில் நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தண்ணீர் வேரில் மட்டும், இலையில் வேண்டாம், ஏற்கெனவே மார்கழிப் பனியில் சாம்பல் நோய் வரக் காத்துக்கொண்டிருக்கும். அடி இலையில் வெள்ளை மாவு பூசின மாதிரி தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளித் தூரப் போடுங்கள்.

கேள்வி: மாடித்தோட்டத்தில் டிசம்பரில் போட்டும் காய் பிடிக்கவில்லையே? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: உங்கள் மாடிக்குத் தேனீ வருகிறதா என்று பாருங்கள். முதல் பத்து நாள் ஆண்பூ மட்டும் பூத்தால் கவலை வேண்டாம், அது அப்படித்தான். பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண்பூவுக்கு மெல்லிய காம்பு மட்டும். பூ விடியற்காலையில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும், ஆகவே ஆறு, ஏழு மணிக்கே ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். காபி குடித்துவிட்டு நிதானமாகப் போனால் அன்றைய பூ போச்சு. பை ஒன்றுக்கு ஒரு செடி போதும், பை ஒன்றரை அடி அகலம், ஆழம் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு வாரம் சொந்த ஊருக்குப் போய்விட்டு வந்தால் காய் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது. சாப்பிடலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: தாராளமாக. தோலைச் சீவி, விதைப் பகுதியை வழித்துப்போட்டு, கடலைப்பருப்பு சேர்த்துக் கூட்டு செய்யுங்கள், சுரைக்காய்க் கூட்டுக்கும் இதற்கும் எங்கள் வீட்டில் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் முற்றின காயைச் செடியில் விட்டால் அதன் தெம்பு முழுக்க விதைக்குப் போய், புதுப் பூ குறைந்துவிடும். பூ விரிந்த நாலிலிருந்து எட்டு நாளில், ஆறு முதல் எட்டு அங்குலம் இருக்கும்போதே பறிக்க வேண்டும். நகத்தை லேசாக அழுத்தினால் பதிய வேண்டும், அதுதான் பதம். திருகிப் பிடுங்கினால் தண்டே கிழியும், கத்தியால் ஒரு அங்குலம் காம்போடு வெட்டுங்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏனென்றால் இலைக் காம்பின் சுனை கையைக் கீறிவிடும். காய்ப்பு நன்றாக இருக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாளாவது செடியைச் சுற்றி வாருங்கள், காய் இலைக்கு அடியில் பச்சையோடு பச்சையாக ஒளிந்துகொள்ளும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெட்டின துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துக் கடுமையாகக் கசந்தால், சமைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கசப்பு சமைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அந்தக் காயைக் குப்பையில் போடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம்.