சவுண்ட்பாரில் வசனம் கேட்கவில்லை, சப்வூஃபர் மட்டும் அதிர்கிறது. எப்படிச் சரிசெய்வது?

ரிமோட்டைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். 2.1 சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர், கூடவே தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர்), 11க்கு 16 அடி ஹால், பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியைக் கூட்டினால் வசனம் அமுங்குகிறது, குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மூன்று மாதம் இதே ரிமோட்டை வைத்துக்கொண்டு பிளஸ், மைனஸ் என்று ஊஞ்சலாடியவன்தான். கோளாறு ரிமோட்டில் இல்லை, சப்வூஃபரை வைத்த மூலையில் இருந்தது.

எல்லாரையும் போல டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத மூலையில் தள்ளியிருந்தேன். மூலை என்றால் இரண்டு சுவர், ஒரு தரை. தாழ்ந்த ஒலி மூன்றிலும் மோதித் திரும்பி, நேராக வருவதோடு சேர்ந்து ஊதிவிடும். நம் வீடுகளில் கான்கிரீட் கூரை, சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை என்று எல்லாமே வழவழ. சத்தத்தை விழுங்க ஒரு சோபாவும் ஜன்னல் திரையும்தான், அவையும் பேஸுக்கு ஒன்றும் செய்யாது.

உங்கள் ஹாலுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். 16 அடி என்பது 4.9 மீட்டர். போய்த் திரும்பும் தூரத்தால் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 35 அதிர்வு வரும். அந்த 35லும், அதன் மடங்குகளான 70, 105லும் உங்கள் ஹால் காலிக் குடம் மாதிரி முழங்கும். சுவரோரம் முழக்கம் உச்சத்தில் இருக்கும். 35ஐ ஹாலின் நடுவில் நின்று கேட்டால் காணாமலே போயிருக்கும். நாம் சோபாவைப் போடுவது எங்கே? பின்சுவரை ஒட்டித்தானே! நான் ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். அதிலேயே கொஞ்சம் தெளிந்தது. சோபாவுக்குப் பின்னால் துடைப்பம் நுழைகிறது என்று அம்மாவுக்கும் சந்தோஷம்.

அடுத்தது சப்வூஃபர் பெட்டிக்கு இடம் தேடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி கிடையாது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே சோபா மேல் வையுங்கள். பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய்க் கேளுங்கள். ஓரிடத்தில் குமுறும், இரண்டடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது, இன்னோர் இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஒரே அளவாகக் கேட்கும். பெட்டி போக வேண்டியது அந்த மூன்றாவது இடத்துக்கு. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா வந்து, “என்னடா தொலைச்ச?” என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஹால் முழுக்கத் தவழ வேண்டாம். டிவி இருக்கும் சுவர், அதற்கு இரண்டு பக்கமும் நாலடி, அவ்வளவுதான். ‘வயர்லெஸ்தானே, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்’ என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். சவுண்ட்பாருக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் இரண்டு மூன்று அங்குலம்தான், கீழ் ஒலிகளை அவற்றால் தூக்க முடியாது. அதனால் பல பார்கள் 120, 150 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளதைச் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுகின்றன. ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85இல் தொடங்கி 180 வரை இருக்கும். அதாவது செய்தி வாசிக்கும் ஆணின் குரலில் ஒரு பங்கு அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. பெட்டி சோபாவுக்குப் பின்னால் இருந்தால் வாய் முன்னாலும் தொண்டை பின்னாலும் பேசும். வசனம் அமுங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இடம் முடிவானதும் ரிமோட்டைக் கையில் எடுக்கலாம். டிவியின் சொந்த ஸ்பீக்கர் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் குரல் இரட்டிக்கும். ‘மூவி’, ‘மியூசிக்’ எல்லாம் விட்டுவிட்டு ‘ஸ்டாண்டர்டு’க்கு வாருங்கள். சப்வூஃபர் லெவலை அடிமட்டத்துக்கு இறக்கி, செய்திச் சேனல் வைத்து, தினமும் கேட்கும் அளவுக்கே வால்யூமை வையுங்கள். கடையில் கேட்ட அளவு வேண்டாம். சத்தம் குறையக் குறையக் காதுக்குத் தாழ்ந்த ஒலி மற்றதைவிடக் குறைவாக எட்டும். 1933லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து சொன்ன விஷயம் அது. உரக்க வைத்துச் சரிசெய்தால் இரவில் மெலிந்துவிடும்.

குரல் தெளிவாக இருந்தால் சப்வூஃபரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். நான் இதற்கு வைத்துக்கொள்வது மிருதங்கத் தனி ஆவர்த்தனம். ரவை அப்பிய தொப்பிப் பக்கம் ‘தொம்’ என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். ‘தொம்ம்ம்’ என்று இழுத்தால் ஒரு படி இறக்குங்கள். வலந்தலையின் ‘நம்’ பாரிலிருந்தும், தொப்பி வேறெங்கிருந்தோவும் வருவதாகத் தோன்றினால் இன்னும் ஒரு படி. இரண்டும் ஒரே ஆள் மடியிலிருந்து வருவதாகக் கேட்டால் அதோடு நிறுத்திவிடலாம். என் வீட்டில் அது மைனஸ் 2இல் வந்தது. மூன்று மாதமாகப் பிளஸ் 4இல் வைத்திருந்தேன்!

எல்லாம் செய்தும் ‘ஜிர்ர்’ என்று ஒரு சத்தம் மட்டும் விடவில்லை. சப்வூஃபருக்குள் அதிரும் கூம்பு (கோன்) கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். போனில் டோன் ஜெனரேட்டர் (நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும்) ஆப் ஒன்றைப் போட்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றினேன். 60ஐத் தாண்டியதும் ஜிர்ர். கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால், ஷோகேஸின் நகரும் கண்ணாடி! விரல் வைத்தால் நிற்கிறது, எடுத்தால் ஆரம்பிக்கிறது. பழைய விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துத் தடத்தில் செருகியதோடு தீர்ந்தது. சர்வீசுக்கு ஆள் கூப்பிடும் முன் ஷோகேஸ், ஜன்னல் கிரில், பீரோ மேல் இருக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

பத்து மணிக்கு மேல் ‘நைட் மோட்’ போடுங்கள், சண்டைச் சத்தத்துக்கும் கிசுகிசுப் பேச்சுக்கும் உள்ள இடைவெளியை அது சுருக்கிவிடும். பெட்டிக்கு அடியில் யோகா மேட் துண்டு வைத்தால் தரை அதிர்வு கொஞ்சம் குறையும், கீழ் வீட்டுக்காரர் கோபத்தைத் தணிக்க அது மட்டும் போதாது. நடுநடுவே பேஸ் விட்டு விட்டு வந்தால் வைஃபை ரூட்டரைப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். சோபா எந்தச் சுவரில், பெட்டி எந்தச் சுவரில் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மேற்கொண்டு ஏதாவது சொல்ல முடியும்.