'ஏழு குவார்த்தா, மூன்று தேதோ' உயரமுள்ள குதிரை ஹேண்ட் கணக்கில் எவ்வளவு?

நேரடி விடை: 14 ஹேண்ட் (குதிரையின் உயரத்தைச் சொல்லும் ஆங்கில அளவு), மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். சென்டிமீட்டரில் 151.5. ஆனால் கேள்வி கேட்டவர் கையில் இருப்பது ஒரு பழைய ஸ்பானிய ஆவணம் என்பதால், இந்த விடையை அப்படியே எழுதிக்கொண்டு போக வேண்டாம். எந்த ஊர் ஆவணம் என்பதைப் பொறுத்து விடையே மாறும்.

நான் குதிரைக்காரன் இல்லை. பழைய அளவைகளைக் கிளறுவது எனக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். பழைய ஸ்பெயினில் நீள அளவைகளுக்கு அடிப்படை 'வாரா' என்ற கோல். அதில் கால் பங்கு ஒரு குவார்த்தா, பாதி ஒரு கோதோ. ஒரு குவார்த்தாவுக்குப் பன்னிரண்டு தேதோ. நமக்கு இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை: குவார்த்தா என்பது சாண், தேதோ விரற்கடை, கோதோ முழம். விகிதம்கூட அதேதான். குதிரையின் உயரத்தை அவர்கள் சாணும் விரலுமாகத்தான் சொல்வார்கள். அளப்பது தலை வரை இல்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்குமே, தரையிலிருந்து அதுவரை. ஹேண்ட் கணக்கிலும் அதே இடம்தான் என்பது நம் நல்ல காலம்.

இனி கணக்கு. காஸ்டீலிய வாரா, அதாவது புர்கோஸ் நகரத்துக் கோல், 83.59 சென்டிமீட்டர். அப்படியானால் குவார்த்தா 20.9 செ.மீ., தேதோ 1.74 செ.மீ. ஏழு குவார்த்தா 146.3, மூன்று தேதோ 5.2, கூட்டினால் 151.5. ஹேண்ட் என்பது நான்கு அங்குலம் (எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்திலேயே அப்படித்தான்), இன்றைய கணக்கில் 10.16 செ.மீ. வகுத்தால் 14.91 வரும்.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். அதை 14.9 என்று எழுதிவிடக் கூடாது. ஹேண்ட் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை, அங்குலம். அதனால் 14.1, 14.2, 14.3, அடுத்து 15தான், 14.4 என்று ஒன்று கிடையாது. 0.91ஐ நான்கால் பெருக்கினால் 3.65 அங்குலம். எனவே 14.3½ என்று எழுதலாம். அதற்கு மேல் துல்லியம் பார்ப்பது வீண் வேலை. உயிருள்ள குதிரை அசையாமலா நின்றிருக்கும்?

கால்குலேட்டர் இல்லாமலும் போடலாம். ஒரு குவார்த்தாவுக்கு இரண்டு ஹேண்டும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவும். ஒரு தேதோவுக்கு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓரளவுக்குச் சரியாகவே வரும்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருவோம். 1568இல் இரண்டாம் பிலிப் புர்கோஸ் வாராதான் நாடு முழுமைக்கும் என்று ஆணையிட்டார். யார் கேட்டார்கள்? 1801இல் நான்காம் கார்லோஸ் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மெட்ரிக் முறைக்கு மாறும்போதுகூட தெருவேல் வாரா 76.8 செ.மீ., அலிகாந்தே வாரா 91.2 செ.மீ. என்று கிடந்தது. உங்கள் குதிரையைத் தெருவேல் கோலால் அளந்திருந்தால் 139 செ.மீ., அதாவது 13.2¾ ஹேண்ட், 14ஐத் தொடாது. இன்றைய வழக்கில் அது போனி, அதாவது குட்டை ரகக் குதிரை. அலிகாந்தே கோல் என்றால் 165 செ.மீ., 16.1, நல்ல உயரமான குதிரை. அரசாங்க, ராணுவத் தாள் என்றால் நான் காஸ்டீலிய வாராவையே எடுத்துக்கொள்வேன். உள்ளூர்ச் சந்தைப் பத்திரம் என்றால் முதலில் மாகாணத்தைப் பார்ப்பேன்.

ஆவணத்தில் 'புல்காதா' என்று வந்தாலும் உஷார். அகராதி அதற்கு அங்குலம் என்றுதான் சொல்லும். ஆனால் அது 2.32 செ.மீ.தான், 2.54 இல்லை. 65 புல்காதா குதிரை உண்மையில் 14.3 ஹேண்ட். ஆங்கில அங்குலமாக நினைத்துப் போட்டால் 16.1 ஆகிவிடும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், குதிரையின் ரகமே மாறிப்போகும்.

அப்புறம், இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கருவிகளில் சில, வாரா என்று கொடுத்தால் 33⅓ அங்குலம் என்று எடுத்துக்கொள்கின்றன. அது டெக்சஸ் வாரா, 1919இல் நில அளவைக்காகச் சட்டம் போட்டு வைத்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் குதிரை 15 ஹேண்டைத் தாண்டிவிடும். மெக்சிகோ வாரா 83.8 செ.மீ.; ஆவணம் அங்கிருந்து வந்தது என்றால் மேலே சொன்ன 14.3½ஐயே வைத்துக்கொள்ளலாம்.