ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

சென்ற வாரம், துணி டிசைன் படிக்க ஆசைப்படும் மகளோடு வந்தபோது அவளுடைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை என் மேஜைமேல் விரித்து, "பாருங்க சார், பின்னாடி பூராவும் மாங்காய். கோலம் போடறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டீர்கள். அவள் முன்னால் பதில் சொன்னால் ஒருவர் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று அன்று பேச்சை மாற்றினேன்.

மாங்காய் எல்லோரும் வரைவார்கள். நான் கவனித்தது வேறு. முதல் வரிசையை நேராக இறக்கியவள், பக்கத்து வரிசையைப் பாதி மாங்காய் அளவு கீழே தள்ளி ஆரம்பித்திருக்கிறாள். துணி டிசைனில் இதை ஹாஃப் டிராப் என்பார்கள். எல்லா வரிசையையும் நேருக்கு நேர் அடுக்கினால், பத்தடி தள்ளிப் பார்க்கும்போது பூ மறைந்து கோடுகள்தான் தெரியும். பாதி இறக்கினால் கோடு உடைந்து, டிசைன் பரவலாகத் தெரியும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கேட்டுவிட்டேன்.

கோலத்தையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களை வைத்துக் கணினி அறிவியல் ஆய்வே செய்தார்கள். 1974-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்பதுதான் விஷயம்.

சரி, வேலைக்கு வருவோம். கரூரின் படுக்கை விரிப்பு, திருப்பூரின் பனியன் துணி, காஞ்சிபுரத்தின் புட்டா, எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ரிப்பீட், அதாவது திரும்பத் திரும்ப வரும் டிசைன் துண்டு, போட்டிருக்கிறார். அங்கே அழகோடு கணக்கும் வேண்டும். உருளை ஸ்கிரீனில், அதாவது சாயத்தைத் துணியில் இறக்கும் துளையுள்ள உருளையில், அச்சிடும்போது உருளை ஒரு சுற்று முடிந்ததும் டிசைன் மறுபடி தொடங்கும். பரவலாகப் புழங்கும் உருளையின் சுற்றளவு சுமார் 64 செ.மீ. ரிப்பீட்டின் உயரம் 32, 16 என்று அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 25 வைத்தால் இணைப்பில் பூ வெட்டுப்படும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஆறு நிறம் என்றால் ஆறு. இந்தச் செலவை மனதில் வைத்து வரைபவரைத்தான் கம்பெனிகள் விடாமல் வைத்துக்கொள்கின்றன. ஏஐ பூ வரைந்து தருகிறதே என்பீர்கள். தரும். விளிம்பு பொருந்துகிறதா, நான்கு நிறத்தில் அடக்க முடியுமா என்று பார்க்க ஆள் வேண்டும்.

ஆரம்பச் சம்பளம் உங்கள் அண்ணன் மகனின் ஐடி சம்பளத்தோடு ஒப்பிடும்படி இருக்காது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

படிக்க, சென்னை தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் (NIFT) இருக்கிறது, அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி (NID) இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, நான்காண்டுப் படிப்பு, செலவு லட்சக்கணக்கில். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தாலும் எழுதலாம். பொதுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். கைக்கு அடக்கமாக வேண்டுமென்றால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியையும் சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். சேலத்தில் தறியோடு பழகலாம். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பிரியம் அதிகம்.

ஆனால் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில், விளிம்பைத் தொடாமல் வரையட்டும். தாளை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடம் வலம் மாற்றி ஒட்டட்டும். அப்புறம் குறுக்கே வெட்டி, மேல் கீழ் மாற்றி ஒட்டட்டும். இப்போது நடுவில் விழும் வெற்றிடத்தை நிரப்பட்டும். அதைப் பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் சேர்த்து ஒட்டுங்கள். முதல் தடவை எங்காவது ஒரு பொத்தல் பளிச்சென்று தெரியும், எல்லோருக்கும் அப்படித்தான். அவள் அலுத்துப்போய் எழுந்துவிடுகிறாளா, இல்லை பிய்த்துவிட்டு மறுபடி வரைகிறாளா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். நடுவில் யோசனை சொல்லாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது அந்தச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டாம், நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் ஃபைலில் அவைதான் முதலில் இருக்க வேண்டும்.