டாக்டரம்மா பதில்கள்: கிண்ணத்தில் கிருமி வளர்த்து என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் மேடம். கால்நடை மருத்துவம் படித்து இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். மேற்படிப்பில் மைக்ரோபயாலஜி எடுத்து, தொற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. "இன்னும் ரெண்டு வருஷம் கிண்ணத்துல கிருமி வளர்த்து என்ன ஆகப்போவுது, ஊர்ல கிளினிக் போடு" என்கிறார் அப்பா. அங்கே அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? எங்கே சேரலாம்?
- வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறதம்மா. கிளினிக் போட்டால் சீக்கிரமே கையில் காசு புரளும். கால்நடை மருத்துவ மேற்படிப்பான எம்.வி.எஸ்சி. இரண்டு வருடம், அப்புறம் பிஎச்.டி. என்றால் குறைந்தது மூன்று வருடம், உதவித்தொகையில்தான் ஓட்ட வேண்டும். இதை அவரிடம் மறைக்காதே.

என்ன சொல்லித் தருவார்கள் என்றால், முதலில் மாதிரி எடுக்க. மடிநோய்க்குப் பால் எடுப்பதையே பார். ஸ்பிரிட் பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்கும்போது எதிர்ப்பக்கக் காம்புகளை முதலில் துடைக்க வேண்டும், நம் பக்கத்துக் காம்புகளைக் கடைசியில். பால் எடுப்பது இதற்கு நேர்மாறு: நம் பக்கம் முதலில், எதிர்ப்பக்கம் கடைசியில். அப்போதுதான் துடைத்த காம்பில் நம் முழங்கை உரசாது. முதல் சில பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் சாணித்தூள் உள்ளேதான் விழும். மறுநாள், கிருமி வளர்க்கும் ரத்த அகார் கிண்ணத்தில் மூன்று, நான்கு வகைக் கிருமி முளைத்திருந்தால் சந்தோஷப்படாதே, அந்த மாதிரியைத் தூக்கிப் போடு. அதை வைத்து எழுதும் ஆய்வேடு மடியைப் பற்றியதாக இருக்காது, மாட்டுக்கொட்டகையைப் பற்றியதாக இருக்கும். அப்படிப்பட்ட ஆய்வேடுகளும் அலமாரியில் இருக்கத்தான் செய்கின்றன!

இரண்டாவது, 'இல்லை' என்ற முடிவைப் படிக்க. ஒரு வட்டாரத்தில் 60 மாடுகளைச் சோதித்தாய், ஒன்றுக்குக்கூட நோய் இல்லை. 'இவ்வட்டாரத்தில் நோய் இல்லை' என்று எழுதலாமா? கூடாது. புள்ளியியலில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 3-ஐ மாடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்: 5 சதவீதம். அதாவது, பாரபட்சமில்லாமல் பொறுக்கியெடுத்த 60 மாட்டிலும் நோய் இல்லை என்றாலும், நூற்றுக்கு ஐந்து மாடு வரை நோயோடு இருக்க வாய்ப்பு உண்டு. ரோட்டோரமாகக் கிடைத்த மாட்டில் மட்டும் ரத்தம் எடுத்திருந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. புள்ளியியல் வகுப்பில் தூங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில் 'இருக்கிறது' என்ற முடிவையும் அப்படியே நம்பக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் வைத்த குழாயிலும் கிருமி இருப்பதாகக் காட்டும் பட்டை தெரிந்துவிட்டால் அன்றைய வேலை மொத்தமும் குப்பை.

சேரும் இடம்: நம் புதுச்சேரி குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி இருக்கிறது. வடக்கே போகத் துணிந்தால் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் இசத்நகரில் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வெளிமாநிலம் என்றால் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) இடங்களுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வுக்கு இப்போதே உட்கார்ந்து படி. ஆனால் என்னைக் கேட்டால், கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டியைப் பார்த்துச் சேர். அவருடைய பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் 'கிருஷிகோஷ்' என்ற இணையத்தளத்தில் கிடைக்கும், இரண்டையாவது படி. ஆய்வகத்தில் மாதிரிகளை உறைய வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸருக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் கேள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது கடலூர், புதுச்சேரி பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லையே, அப்போது நீ சின்னப் பெண்ணாக இருந்திருப்பாய். சேர்த்து வைத்த சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) கெட்டால் இரண்டு வருடப் படிப்பு மூன்றாகும்.

கேள்வி: நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. மாட்டு நோய் ஆராய்ச்சிக்கு என்னால் வர முடியுமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக. எம்.வி.எஸ்சி.யில் மட்டும் சேர முடியாது, அதற்குக் கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் போன்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி பிஎச்.டி.க்கு வரலாம், ஆராய்ச்சித் திட்டங்களில் வேலைக்கும் சேரலாம். கொசு, உண்ணி பரப்பும் நோய்களில் நாட்டம் இருந்தால் புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு பால்காரர் வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்டிப் பிடிக்கப் பழகுங்கள். மாட்டைக் கண்டு ஒதுங்குகிறவர் அடுத்தவர் எடுத்துத் தரும் மாதிரியை நம்பியே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐந்து கறவை மாடு வைத்திருக்கிறேன். ஒரு பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது. ரெண்டு நாளில் ஆராய்ச்சிப் பிள்ளைகள் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. இது நியாயமா?
- வாசகர், பாகூர்

பதில்: நியாயமே இல்லை ஐயா. ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு சொல்வதும் ஆராய்ச்சியில் சேர்ந்ததுதான், அதைப் பாடத்திட்டத்திலேயே எழுதி வைக்கலாம் என்பேன். அடுத்த முறை ஊசி போடும் முன்பே பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்குங்கள்.

ஒன்று சொல்கிறேன், அந்தப் பதில் வந்திருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. கன்று வீசிய, அதாவது கரு கலைந்த, உடனே எடுத்த ரத்தத்தில், கன்று வீச வைக்கும் புரூசெல்லா என்ற தொற்றுநோய் சில சமயம் தெரியாமல் போகும். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. எலிக்காய்ச்சல் கிருமியாலும் மாடு கன்று வீசும். மழைக்குத் தண்ணீர் தேங்கும் வயற்காட்டுப் பக்கம் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இந்த நோய்கள் மனிதருக்கும் தொற்றும் என்பதால், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால், மாடு கன்று வீசியதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்று இருந்தால், வாழ்நாளில் ஒரே முறை போடும் புரூசெல்லா தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடுவார்கள். இந்த வாரமே அங்கே போய், மீதி நான்கு மாட்டுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.