ஒரே வகுப்பு, தனித்தனிக் கூட்டம்

கேள்வி: எங்கள் தனியார் பள்ளி ஐந்தாம் வகுப்பில், கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் தனியாகவே ஒதுங்குகிறார்கள். இடம் மாற்றி உட்காரவைத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை ஒருவர், திருப்பூர்

பதில்: பக்கத்தில் உட்காருவதால் மட்டும் நட்பு வராது, ஒருவர் உதவி மற்றவருக்குத் தேவைப்பட வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளையின, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு மோதல் மூண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்த முறை உங்களுக்கும் பொருந்தும்.

ஐந்து ஐந்து பேராகக் கலந்து குழு பிரியுங்கள். பாடத்தை ஐந்து பகுதியாக்கி ஆளுக்கொன்று கொடுங்கள். முழுப் பாடம் யார் கையிலும் இருக்கக் கூடாது. வெவ்வேறு குழுக்களில் ஒரே பகுதி கிடைத்தவர்கள் முதலில் தனியே கூடி 10 நிமிடம் அலசட்டும். தயங்கும் பிள்ளைக்கு இந்த ஒத்திகைதான் தெம்பு. நேரமில்லை என்று இதை விட்டால் அந்தப் பிள்ளை குழுவில் திணறும், மற்றவர்கள் கேலி செய்வார்கள், விலகல் இன்னும் கூடும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பிக் கற்றுக்கொடுக்க வேண்டும். முடிவில் தனித்தனியாகச் சிறு தேர்வு. குழு மதிப்பெண் வேண்டவே வேண்டாம், பழி ஒரே பிள்ளைமேல் விழும்.

வாரம் இரண்டு வகுப்பாவது, ஆறு வாரம் விடாமல் நடத்துங்கள். கூடவே, ஒதுக்கீட்டுப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கணக்கெடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.