அஞ்சு டாலர் முதலாளிகள்

போன இதழில் குளிர்காலக் கூடாரம் பற்றிய ஒரு பதிலில், "எம்இசி போனதோடு ஒரு காலமும் போயிற்று" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். (எம்இசி என்பது கனடாவில் மலையேற்றச் சாமான், கூடாரம், குளிர் உடை விற்கும் கடைத் தொடர்.) அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. சினிமாவும் அரசியலும் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அண்ணை, எம்இசி கடை இப்பவும் திறந்துதானே கிடக்கு? போன கிழமைகூட மகனுக்கு ஒரு ஜாக்கெட் வாங்கினனான். நீங்கள் ஏன் செத்தவீட்டுக் கதை மாதிரி எழுதுறியள்?
(ஸ்கார்பரோ வாசகி)

ப: தங்கச்சி, கடை இருக்கிறது, ஜாக்கெட்டும் நல்ல ஜாக்கெட்தான், மகன் போடட்டும். நான் துக்கம் விசாரித்தது அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு. எம்இசியில் 'சி' என்பது முதலில் கோ-ஆப், அதாவது கூட்டுறவு. 2020க்குப் பிறகு அதே 'சி' கம்பெனி ஆகிவிட்டது. எழுத்தை மாற்றும் செலவுகூட இல்லை பாருங்கள்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1970 வாக்கில் வான்கூவரில் மலையேறுகிறவருக்கு நல்ல கயிறோ பனிக்கோடரியோ வேண்டுமென்றால் எல்லை தாண்டி அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போவார். அங்கே ஆர்ஈஐ என்றொரு கூட்டுறவுக் கடை. அது 1938இல் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் தம்பதி நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. பனிக்கோடரிக்கு உள்ளூர்க் கடை சொன்ன விலை கட்டுபடியாகாமல் லாயிட் ஆஸ்திரியாவிலிருந்து தபாலில் 3.50 டாலருக்கு ஒன்றை வரவழைக்க, பார்த்தவர்களெல்லாம் "எனக்கும் ஒண்ணு" என்று கேட்க, அதுவே கடையாகிவிட்டது. அங்கே போய்வருகிற தூரம், திரும்பும்போது சுங்கத்தில் கேள்வி, இதெல்லாம் சலித்துப்போய் ஆறு இளைஞர்கள் 1971இல் வான்கூவரிலேயே தொடங்கியதுதான் எம்இசி. 5 டாலர் கொடுத்தால் ஒரு பங்கு, ஆயுளுக்கும் உறுப்பினர், இயக்குநர் தேர்தலில் ஒரு வாக்கு. கூட்டுறவாக இருந்தவரை அந்த 5 டாலர் 6 ஆகவில்லை.

டொரன்டோ கிங் தெருவில் இருந்த பழைய கடையில் என் முதல் முதுகுப்பையை வாங்கினேன். அங்கே வேலை பார்த்த பெண் என்னைத் தலை குனியச் சொல்லி, பிடரிக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் டேப்பை வைத்து இடுப்பெலும்பு வரை அளந்தாள். ஆள் உயரம் முக்கியமில்லையாம், முதுகு நீளம்தான் கணக்காம். அப்புறம் பைக்குள் மணல் மூட்டைகளைத் திணித்து, கடையை நாலு சுற்று சுற்றிவிட்டு வரச் சொன்னாள். நாலாவது சுற்றில் இடது தோள் கடுகடுத்தது. நான் ஆசைப்பட்டு எடுத்த பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, 40 டாலர் குறைந்த ஒன்றை மாட்டிவிட்டாள். 'நம்ம கடை' என்று வாய் நிறையச் சொன்னோமே, அது இதனால்தான்.

கே: உறுப்பினர்களே முதலாளிகள் என்றால் அவர்களைக் கேட்காமல் எப்படி விற்க முடிந்தது?
(மதுரை வாசகர்)

ப: நியாயமான கேள்வி, நீதிமன்றத்திலும் இதைத்தான் கேட்டார்கள். 2020 செப்டம்பரில் திடீரென்று ஒரு அறிவிப்பு: லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த கிங்ஸ்வுட் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் எம்இசியை வாங்குகிறது. அப்போது உறுப்பினர்கள் 50 லட்சத்துக்கும் மேல். சாதாரண நாளில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் சொத்தை மொத்தமாகக் கைமாற்ற உறுப்பினர்களின் தீர்மானம் வேண்டும். ஆனால் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், நீதிபதி ஒப்புக்கொண்டால் போதும். விற்பனையை எதிர்த்த உறுப்பினர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள், வக்கீல் வைத்தார்கள், அவகாசம் கேட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் விற்பனைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நீதிபதியைத் திட்டிப் பயனில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை, வாடகை பாக்கி, வங்கிக் கடன் என்று வைத்துப் பார்த்தால் அந்த அக்டோபரில் அவர் முன்னால் வேறு பெரிய வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கோட்டை விட்டது அதற்கு வெகு முன்னால். 2012இல் ஒரு விதி மாறியது: இயக்குநர் தேர்தலில் யார் நிற்கலாம் என்று ஏற்கனவே இருக்கும் இயக்குநர் குழுவே வடிகட்டலாம். "சில்லறை வணிக அனுபவம் உள்ளவர்கள் வேண்டும்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு கம்பெனிக்காரர்கள் பெருகினார்கள், மலையேறிகள் குறைந்தார்கள். வாக்குப் போட்டவர்களோ சொற்பம். நானே போட்டதில்லை ஐயா. தேர்தல் மின்னஞ்சல் வரும், அதே நாளில் தள்ளுபடி மின்னஞ்சலும் வரும், எதைத் திறந்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஊர்க்கோயிலுக்கு வரி கட்டிவிட்டு கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குப் போகாதவன் மாதிரிதான்.

கே: சுற்றி வளைப்பானேன், அமேசான்தானே காரணம்?
(பிராம்ப்டன் வாசகர்)

ப: பாதிக் காரணம். மீதியைச் சொல்கிறேன்.

நல்ல கூடாரம் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். அதாவது பொருள் நன்றாக இருக்க இருக்க வாங்கினவர் திரும்பி வருவது குறையும். எனவே கடை வளர வேண்டுமென்றால் மலையேறாதவர்களுக்கும் விற்க வேண்டும். எம்இசி சைக்கிளுக்குப் போனது, ஓட்டத்துக்குப் போனது, யோகா உடைக்குப் போனது. 2013இல் சின்னத்திலிருந்த மலையையே எடுத்துவிட்டு ஒரு பச்சைச் சதுரம் வைத்தார்கள். பழைய ஆட்கள் அன்றைக்குப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. (புது முதலாளிகள் வந்து மலையைத் திரும்ப வைத்தார்கள், அது தனிக் கூத்து.)

அடுத்தது சரக்கு. குளிர்கால உடைக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே. ஒரு ஜாக்கெட் என்றால் ஆறு அளவு, நாலு நிறம், ஆண் பெண் என்று 48 வகை. டிசம்பரில் பனி விழவில்லையா, மார்ச்சில் அத்தனையும் அரை விலைக்கு. போதாததற்கு, கடையில் தொங்கும் பிராண்டுகள் எல்லாம் தங்கள் சொந்த வலைத்தளத்திலும் சொந்தக் கடையிலும் நேராக விற்க ஆரம்பித்துவிட்டன. அளந்து பார்க்க நம் கடை, பணம் அவர்களுக்கு.

இந்த நிலைமையில் பெரிய பெரிய கடைகளாகக் கட்டினார்கள். டொரன்டோவில் 2019இல் கிங் தெருவை விட்டு குயின் தெருவுக்கு, வான்கூவரில் 2020 தொடக்கத்தில் புது இடத்துக்கு. 2019 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டிலேயே நட்டம் 1 கோடியே 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. வான்கூவர் கடை திறந்த சூட்டோடு கொரோனா வந்து எல்லாக் கதவையும் சாத்தியது. இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கோடையில்தான் ஊரே சைக்கிளும் கூடாரமும் தேடி அலைந்தது, பொருள்தான் கிடைக்கவில்லை.

சியாட்டில் அண்ணன் ஆர்ஈஐ மட்டும் சுகமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். கூட்டுறவாகவே இருக்கிறது, ஆனால் 2025 ஜனவரியில் தன் சுற்றுலா, பயிற்சி வகுப்புப் பிரிவை இழுத்து மூடி 400க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

கே: 2025 மே மாதம் கனடாக்காரர்களே எம்இசியைத் திரும்ப வாங்கிவிட்டார்களாமே, என் 5 டாலர் பங்கு உயிர் பெறுமா?
(மிசிசாகா வாசகர்)

ப: பெறாது. வாங்கியது கனடிய முதலீட்டாளர்கள், உறுப்பினர்கள் இல்லை. அட்டையைப் பத்திரமாக வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கே: கூட்டுறவு என்றால் நம் கோ-ஆப்டெக்ஸ் மாதிரியா?
(திருச்சி வாசகி)

ப: இல்லை அம்மா, கோ-ஆப்டெக்ஸ் நெய்கிறவர்களின் சங்கங்கள் சேர்ந்தது. எம்இசி வாங்குகிறவர்களின் சங்கம். நம்மூரில் இதற்குப் பக்கத்துச் சொந்தம் என்றால் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்லலாம், அரிசி பருப்புக் கடை.

கே: சார், கோவையில் சின்னதாக ட்ரெக்கிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். பையன்கள் வந்து அரை மணி நேரம் ஷூ போட்டுப் பார்க்கிறார்கள், உள்நாக்கைப் புரட்டி அளவை போட்டோ எடுக்கிறார்கள், வாசற்படியில் நின்றே ஆர்டர் போடுகிறார்கள். எம்இசி கதையில் எனக்கு ஏதாவது இருக்கிறதா?
(கோவை வாசகர்)

ப: தம்பி, நீங்கள் எம்இசியைப் பார்ப்பதைவிட வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பவரைப் பாருங்கள். மலை ஏறுகிறவர் தடியை ஆன்லைனில் தேடுவதில்லை, ஏனென்றால் ஏறப்போகிற நேரத்தில் கையில் வேண்டும். அந்த மாதிரிப் பொருள், அந்த மாதிரி நேரம் உங்கள் கடையில் எது என்று யோசியுங்கள்.

எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று வாடகை. வருஷத்துக்கு ஒரு முறை மலைக்குப் போகிறவருக்குக் கூடாரமும் ஸ்லீப்பிங் பேகும் சொந்தமாக எதற்கு? இரண்டு ராத்திரிக்கு எடுத்துப் போகட்டும். திரும்பி வந்ததும் பிரித்துக் காயப்போடுங்கள், ஈரத்தோடு மடித்தால் உள்பூச்சு பிசுபிசுத்து நாறிவிடும்.

இன்னொன்று பழைய ஷூ. நம் ஆட்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிய ட்ரெக்கிங் ஷூவை ஒரு தடவை போட்டுவிட்டு டப்பாவிலேயே ஆறேழு வருஷம் வைத்திருப்பார்கள். ஷூவின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை என்றால் காற்றிலுள்ள ஈரமே அதைத் தின்றுவிடும், போடாமல் வைத்திருந்தாலும். வெளியே பார்க்கப் புதுசு. வெள்ளியங்கிரியின் மூன்றாவது மலையில் அடிப்பாகம் அப்படியே கழன்று வரும், மீதியைக் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள், நானே பார்த்திருக்கிறேன். வெள்ளியங்கிரிக்கு ஆட்கள் போக ஆரம்பிப்பது பிப்ரவரியில். ஜனவரியிலேயே கடை வாசலில் எழுதிப் போடுங்கள்: "பழைய ஷூவைக் கொண்டு வாருங்கள், சும்மா பார்த்துச் சொல்கிறோம்." கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். நுரை திரும்பி எழும்பினால் நல்ல ஷூ, அனுப்பிவிடுங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் அவருக்கு இன்றைக்கே வேறு ஷூ வேண்டும். சாயங்காலமாக வரச் சொல்லுங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் அளவு சரியாகத் தெரியும்.