ஈர்ப்பு இல்லாமல் அல்ல, விழுவதால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிச் சுவர் இதழுக்காக ‘விண்வெளி: வியப்பூட்டும் உண்மைகள்’ என்று ஒரு பட்டியல் தயாரித்தாள். எல்லாம் இணையத்தில் எடுத்ததுதான். அதில் மூன்று விஷயங்களில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

‘விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். “அப்போ நிலா மட்டும் எப்படி பூமியைச் சுத்துது?” என்று அவள் தம்பி கேட்டுவிட்டான். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டாவது, ‘வீரர்கள் தங்கள் சிறுநீரையே குடிக்கிறார்கள்’ என்பது. இது உண்மையா, அல்லது படிப்பவர்களை ஈர்க்க மிகைப்படுத்துகிறார்களா? மூன்றாவது, ‘வெள்ளியில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம்’. அப்படியானால் அங்கே பொழுது விடிவதற்குள் பிறந்தநாளே வந்துவிடுமா?

நேரமிருந்தால் விளக்குங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சிறுநீர் விஷயமும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரமே 6,371 கி.மீ. ஈர்ப்பு விசை பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 6,371-ஐ 6,771-ஆல் வகுத்து, விடையை வர்க்கப்படுத்துங்கள்: 0.885 வரும். தரையில் இருக்கும் ஈர்ப்பில் 88 சதவீதத்துக்கு மேல் அங்கேயும் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்து 60 கிலோ ஆள் ஏறி நின்றால் அது 53 கிலோ காட்டும். அந்தக் கோபுரத்தில் யாரும் மிதக்க மாட்டார்கள். கால் தவறினால் நேராகத் தரைக்குத்தான் வருவார்கள்.

நிலையத்தில் இருப்பவர்கள் மிதக்கக் காரணம், அவர்களும் நிலையமும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதுதான். இதைக் கணக்காகவே பார்க்கலாம். அந்த உயரத்தில் எந்தப் பொருளும் முதல் ஒரு வினாடியில் சுமார் 4.3 மீட்டர் விழும். நிலையத்தின் வேகம் வினாடிக்கு 7.66 கி.மீ. 7.66 கி.மீ. நேர்கோட்டில் போனால் பூமியின் வளைவு அதற்குக் கீழே எவ்வளவு விலகிப்போயிருக்கும்? அதே 4.3 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் விழுகிறது, விழுந்த அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது, உயரம் மாறுவதில்லை. நிலவும் இப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. தம்பியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்கவும் வழியுண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே 3 அல்லது 4 மி.மீ. அளவில் ஒரு துளை போடுங்கள். ஆணியைச் சுடவைத்துக் குத்தும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். துளையை விரலால் அடைத்து நீர் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். மூடியிருந்தால் நிற்கும்போதே நீர் வராது, சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். துளை மிகச் சிறிதானாலும் பரப்பு இழுவிசை நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீழே ஒரு பெரிய வாளி. பாட்டிலை 2 மீட்டர் உயரத்தில் பிடித்து விரலை எடுத்தால் நீர் பீய்ச்சும். அப்போது பாட்டிலைச் சுழலவிடாமல் அப்படியே விடுங்கள். விழ எடுக்கும் நேரம் 0.64 வினாடிதான், அதனால் கைபேசியின் மெதுவோட்டக் காணொளியில் பதிவு செய்யுங்கள். விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து புதிதாக ஒரு சொட்டும் வராது. பாட்டிலும் நீரும் ஒரே வேகத்தில் விழுவதால் நீர் பாட்டிலின் அடியை அழுத்துவதில்லை.

பிறகு பாட்டிலை மேல்நோக்கி எறிந்து பாருங்கள். மேலே போகும்போதும் நீர் வராது! பெரும்பாலானவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். கையைவிட்ட கணத்திலிருந்து ஈர்ப்பு மட்டுமே அதன்மேல் செயல்படுகிறது என்பதால், ஏறும்போதும் அது இயற்பியல் கணக்கில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. விண்வெளி நிலையம் தரையைத் தொடாத அளவுக்குப் பக்கவாட்டில் வேகமாக எறியப்பட்ட பாட்டில்.

நீர் அடியை அழுத்தாது, சூடான காற்று மேலே எழாது, எலும்பு உடலைத் தாங்க வேண்டியதில்லை. விண்வெளி வாழ்க்கையின் வினோதங்களில் பெரும்பகுதி இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் நாம் விடும் மூச்சு உடல் சூட்டால் லேசாகி மேலே எழுந்து விலகிப்போகிறது. அங்கே அது முகத்தருகிலேயே தேங்கும். விசிறிக் காற்று படாத மூலையில் தூங்கினால் தான் விட்ட கரியமில வாயுவையே திரும்பச் சுவாசிக்க நேரும், தலைவலியோடு விழிக்க வேண்டியிருக்கும். ஆகவே உறங்கும் அறைகளில் காற்றோட்டம் எந்நேரமும் இயங்குகிறது.

நீர் அதைவிட ஆபத்தானது. 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பார்மிடானோ, சக வீரர் கிறிஸ் காசிடியுடன் நிலையத்துக்கு வெளியே விண்நடையில் இருந்தார். தொடங்கி முக்கால் மணி நேரத்தில் தலைக்குப் பின்னால் ஈரமாக இருப்பதாகச் சொன்னார். தரையில் என்றால் கசிந்த நீர் கழுத்து வழியாகக் கீழே இறங்கியிருக்கும். அங்கே இறங்குவதற்குக் ‘கீழே’ என்று எதுவும் இல்லை. பரப்பு இழுவிசையால் நீர் தோலோடு ஒட்டிப் படர்ந்து காது, கண், மூக்கு என்று மூடிக்கொண்டே வந்தது. தலைக்கவசத்துக்குள் கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறையப் பார்வையே இல்லாமல் நிலையத்தின் வாயிலறைக்குத் திரும்பினார். ஆறு மணி நேரத்துக்கு மேல் திட்டமிட்ட விண்நடை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கவசத்துக்குள் ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் சேர்ந்திருந்தது.

காரணம் என்ன? விண்ணுடையின் முதுகுப் பகுதியில் விசிறி, பம்ப், காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் நீர்ப்பிரிப்பான் மூன்றும் ஒரே தொகுதியாக இருக்கின்றன. நீர்ப்பிரிப்பானில் இருக்கும் மிகச் சிறிய துளைகளைச் சிலிக்கா கலந்த படிவுகள் அடைத்துவிட்டன. நீர் போக வழியில்லாமல் காற்றுப் பாதைக்குள் புகுந்து, விசிறிக் காற்றோடு தலைக்கவசத்துக்குள் வந்துவிட்டது. ஒரு வாரம் முன்பு, ஜூலை 9 அன்று நடந்த விண்நடையிலும் அதே உடையில் நீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று அப்போது எண்ணிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த நிகழ்வில் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். எளிதாகத் தோன்றிய காரணத்தைச் சரிபார்க்காமல் ஏற்றதால் அதே உடை மறுபடியும் வெளியே போனது. பிறகு தலைக்கவசத்தின் பின்புறம் நீரை உறிஞ்சும் பஞ்சுத்திண்டு ஒன்றும், முகம் மூழ்கினாலும் உடையின் இடுப்புப் பகுதியிலிருந்து காற்றை இழுத்துச் சுவாசிக்க ஒரு குழாயும் சேர்த்தார்கள்.

இனி எலும்பு. எடையைத் தாங்கும் வேலை நின்றுவிட்டால் உடல் எலும்பைக் கரைக்கத் தொடங்கும். இடுப்பு, தொடை எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறையும். இதற்காகத்தான் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி. அங்கே இரும்பு எடைகளைத் தூக்கிப் பயனில்லை என்பதால், உள்ளே காற்றில்லாத வெற்றிட உருளைகளை எதிர்த்து இழுக்கும் கருவி இருக்கிறது. 270 கிலோ வரை எதிர்ப்புத் தரும். டிரெட்மில்லில் ஓடுபவர் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, மீள்கயிற்றால் தன்னைக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டுதான் ஓட முடியும்.

கரைந்த எலும்பின் கால்சியம் எங்கே போகும்? சிறுநீருக்குத்தான். உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கே வருகிறோம்.

ஆம், அது உண்மை. ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள என்று நாளொன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர் வேண்டும். ஏழு பேருக்கு வருடத்துக்கு 9 டன்னைத் தாண்டும். அவ்வளவையும் ராக்கெட்டில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ‘சிறுநீரைக் குடிக்கிறார்கள்’ என்று எழுதுவது அங்கே நடக்கும் வேலைக்குச் செய்யும் நியாயம் அல்ல. முதலில் விசிறி இழுவையால் சிறுநீர் குழாய்க்குள் போகிறது. கிருமி வளராமல் இருக்க அதில் அமிலம் கலக்கிறார்கள். பிறகு குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். தரையில் ஆவி தானாக மேலே போகும், திரவம் அடியில் நிற்கும். அங்கே இரண்டும் கலந்தே கிடக்கும் என்பதால் பாத்திரத்தையே சுழற்றி, திரவத்தைச் சுவரோடு ஒதுக்கிவைத்து நடுவிலிருந்து ஆவியை எடுக்கிறார்கள். அது வீரர்களின் வியர்வையிலும் மூச்சிலும் இருந்து காற்றில் சேர்ந்து, குளிரவைத்து எடுக்கப்பட்ட நீரோடு கலந்து, வடிகட்டிகளையும் உயர்வெப்ப வினைகலனையும் கடந்து குடிநீராகிறது.

இந்த அமைப்பு 2008 நவம்பரில் எண்டெவர் விண்கலத்தில் மேலே போனது. நான் சொன்ன எடைப்பயிற்சிக் கருவியும் அதே பயணத்தில்தான் போனது. 2009 மே மாதத்தில் வீரர்கள் அந்த நீரைக் குடிக்கத் தொடங்கினார்கள். அதே வருடத்திலேயே காய்ச்சி வடிக்கும் பகுதி அடைத்துக்கொண்டது. தரையில் சோதித்தபோது இல்லாத சிக்கல் இது. வீரர்களின் சிறுநீரில் எலும்பிலிருந்து வந்த கால்சியம் கூடுதலாக இருந்தது. கிருமிக்காகக் கலந்தது கந்தக அமிலம். இரண்டும் சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிட்டன. 85 சதவீத நீரை மீட்க வேண்டிய கருவியை 70, 75 சதவீதத்தோடு நிறுத்தி ஓட்டினார்கள், அதற்கு மேல் செறிவானால் படிவு விழும். பின்னாளில் கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறியதும் பழைய அளவு திரும்பக் கிடைத்தது. எஞ்சும் கசட்டு நீரையும் விட்டுவைக்காமல், சவ்வுப் பையில் நிரப்பி வெதுவெதுப்பான காற்றை ஊதி ஈரத்தை எடுக்கும் கருவி 2021-இல் சேர்ந்தது. 2023-இல் மொத்த மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டதாக நாசா அறிவித்தது. விழுந்துகொண்டே இருப்பதால் எலும்பு கரைந்து, கரைந்த எலும்பு குடிநீர்க் கருவியை அடைத்தது என்பதை உங்கள் மகள் தன் பட்டியலில் சேர்க்கலாம். அதில் உள்ள எதையும்விட இது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மூன்றாவது சுலபம். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற 224.7 நாட்கள். அந்தவகையில் வாக்கியம் சரி. ஆனால் பொழுது விடிவது வேறு கணக்கு. வெள்ளி தலைகீழ்த் திசையில் சுழல்வதால் இரு வேகங்களையும் கூட்ட வேண்டும்: 1/243 + 1/224.7. விடையைத் தலைகீழாக்கினால் 117 நாட்கள் வரும். ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையே அவ்வளவுதான், வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு விடியல்கள். சூரியன் மேற்கே உதிக்கும். பிறந்தநாளுக்குள் பொழுது தாராளமாக விடிந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பொருந்தும் கோள் புதன். அதன் சுழற்சி 58.65 நாட்கள், வருடம் 87.97 நாட்கள். சுழல்வதும் சுற்றுவதும் ஒரே திசை என்பதால் இங்கே கழிக்க வேண்டும்: 1/58.65 – 1/87.97. விடை 176 நாட்கள், அதாவது சரியாக இரண்டு புதன் வருடங்கள். ஒரு விடியலுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு பிறந்தநாள் வந்துவிடும். பட்டியலில் வெள்ளியை அடித்துவிட்டுப் புதனை எழுதச் சொல்லுங்கள், கணக்கையும் பக்கத்திலேயே போடட்டும்.